ஆத்தாவைப் பார்க்கக் குறித்த நாள்

வீரபாண்டித் திருவிழாவுக்குப் புறப்படும் அன்று காலையில் அத்தை எனக்கு வயிறு முட்டச் சோறு போடுவாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே முட்டும். கம்மஞ்சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து, உருண்டை உருண்டையாக உருட்டி என் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள். போதும் என்று சொன்னால் முறைப்பாள்.

“தின்னு. அங்கன போயிப் பசிக்குதுன்னு சிணுங்கப்படாது.”

“பசிக்காது அத்தே.”

“பசிச்சாலும் அவ கையால எதையும் வாங்கித் திங்கப்படாது. தெரியுதா?”

“பச்சையாக் குடுத்தாத் திங்கலாம்ல?”

“அடுப்பு ஏறாததுன்னாத் தின்னுக்க. ஏறுனது ஆகாது.”

‘அவ’ என்று அத்தை சொன்னது என்னைப் பெற்ற ஆத்தாவை. அவளைப் பார்க்கத்தான் அன்றைக்கு என்னைக் கூட்டிப் போகிறார்கள். தலையை இழுத்துப் பின்னியதில் நெற்றி வலிக்கும். விளக்கெண்ணெய் காதோரம் வழியும். பாவாடை நாடா வயிற்றை அறுக்கிறது என்று அழுதால், நாடாவைத் தளர்த்திக் கட்டிவிட்டு இன்னொரு உருண்டையை நீட்டுவாள். இப்படித்தான் நான் சுருளிப்பட்டியிலிருந்து வீரபாண்டிக்கு வண்டி ஏறுவேன்.

இந்தத் தொடரில் அத்தையைப் பற்றி எழுதும்போதெல்லாம் யாராவது ஒருவர், ‘உங்கள் அப்பா எங்கேதான் போனார்? அதைச் சொல்லாமல் ஊர்க்கதையெல்லாம் சொல்கிறீர்களே’ என்று கேட்டுவிடுகிறார்கள். போன வாரம் ஒரு வாசகி கொஞ்சம் கோபமாகவே கேட்டிருந்தார். தாயே, தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

என் அப்பா மாயன், நான் நடை பழகுகிற வயதில் மலாயாவுக்குக் கப்பலேறினார். ரப்பர்த் தோட்டத்தில் வேலை. கொஞ்ச காலம் கடிதாசி வந்தது. சப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டான் என்று கம்பம் சந்தையில் பேசிக்கொண்ட நாளிலிருந்து ஒன்றும் வரவில்லை. சண்டை முடிந்து அங்கிருந்து சிலர் திரும்பி வந்தார்கள். தேடிப் போய் விசாரித்தோம். ஒருவர் பார்த்தேன் என்றார், ஆனால் அவர் சொன்ன அடையாளம் வேறு யாருக்கோ பொருந்தியது. இன்னொருவர் அழுதார், எதற்கென்று சொல்லவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அப்பா.

முகம்கூடத் தெரியாத ஒரு மனிதர் இல்லாமல் போனதற்கு இத்தனை வில்லங்கமா என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆள் எதிரில் இருந்தால் ஒரு சண்டை போட்டாவது தீர்த்துக்கொண்டிருக்கலாம். இல்லாத ஆளோடு யார் மல்லுக்கட்டுவது?

மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்

உண்மையைச் சொன்னால், அப்பா இல்லாமல் போவது அது முதல் தடவை அல்ல. தன் கல்யாணத்துக்கே அவர் வரவில்லை.

எங்கள் சனத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுவது கிடையாது. அவருடைய அக்காளோ தங்கச்சியோதான் கட்டுவாள். கல்யாணத்துக்கு நாள் குறித்து, பந்தல் போட்டு, ஆடும் அறுத்த பிறகு சேதி வந்தது, மாப்பிள்ளை ஏலமலையில் குளிர்காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறார் என்று. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களாம். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரை எங்கள் பக்கம் பெரியாம்பளை என்போம். அவர்தான் வழி சொன்னார்.

“கட்டப்போறது அக்காக்காரிதான? அவன் எங்கன கிடந்தா என்ன? அவன் கம்பக் கொண்டாந்து மணையில சாத்துங்கப்பா.”

அப்பாவின் சிலம்பக் கம்பை மணையில் சாத்தி வைத்தார்கள். அதற்கு ஒரு மாலை போட்டார்கள். கம்புக்குப் பக்கத்தில் என் ஆத்தா வீராயி குனிந்த தலையோடு உட்கார்ந்தாள். அப்பாவின் அக்காள் பேச்சியம்மாள், அதாவது என் அத்தை, தாலியைக் கட்டினாள். மாப்பிள்ளை இல்லை என்பதைத் தவிர வேறு ஒரு குறையும் இல்லாத கல்யாணம் என்று ஊரில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

காய்ச்சல் தெளிந்து மலையிறங்கி வந்த அப்பா, வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து “நீ யாரு?” என்று கேட்டாராம். “ஒங்க பொண்டாட்டி. நீங்க யாரு?” என்றாளாம் ஆத்தா. இந்தக் கதையை எனக்குச் சொன்னது அத்தைதான். ஆத்தாவைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது ஒன்றுதான்.

அத்தையும் ஒரு காலத்தில் கட்டிக்கொண்டு போனவள். பிள்ளை இல்லை என்று தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தம்பி வீடுதான் அவள் வீடு. தம்பி கப்பலேறிய பிறகு, தம்பியின் பிள்ளைதான் அவளுக்கு எல்லாம்.

ஒரு துரும்பு

சேர்வதற்குத் தாலி என்றால் பிரிவதற்குத் துரும்பு. பஞ்சாயத்தில் வைத்துப் புருசன் ஒரு வைக்கோல் துரும்பை ஒடித்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. அவள் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை இருந்தால் அது புருசன் வீட்டோடு நின்றுவிடும்.

ஆத்தாவுக்குப் பிறந்த ஊர் வடுகபட்டி. அவளுடைய அண்ணன்மார் இருவரும் வெள்ளைப்பூண்டு வாங்கி விற்பவர்கள். மலாயாவிலிருந்து தகவல் நின்றதும் அவர்கள் வந்து கேட்டார்கள். நியாயமான கேள்விதான். “இருக்கானா செத்தானான்னே தெரியாதவனுக்காக இவ எத்தன காலம் இப்பிடிக் கிடப்பா? தீத்து விடுங்க, நாங்க ஒரு எடம் பாத்துக்கிறோம்.”

சிக்கல் என்னவென்றால், செத்தார் என்று தெரிந்திருந்தால் துரும்பே தேவையில்லை. செத்தது தெரியாததால் துரும்பு வேண்டும். துரும்பை ஒடித்துக் கொடுக்கவோ ஆள் இல்லை. பெரியாம்பளை மூக்குப்பொடி போட்டார். பொடி போட்டுத் தும்மல் வந்த பிறகுதான் அவருக்குத் தீர்ப்பு வரும். தும்மினார்.

“தாலி கட்டுன கை இங்கனதான இருக்கு? அந்தக் கையே துரும்பயும் குடுக்கட்டும்.”

இப்படி ஒன்று அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எல்லோரும் ‘அதான சரி’ என்று தலையாட்டினார்கள். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை துரும்பை ஒடித்தபோது முந்தானை ஆடியது எனக்கு நினைவிருக்கிறது, அவள் உடம்பு அப்படி நடுங்கியது. ஆத்தா கையை நீட்டவில்லை. பெரிய மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரலை விரித்து, துரும்பை உள்ளே வைத்து மூடினார்.

பிள்ளை அத்தையிடம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பெற்றவள் பார்க்க ஆசைப்பட்டால் வருஷத்தில் இரண்டு நாள். ஆடி அமாவாசைக்குச் சுருளித் தீர்த்தத்தில், சித்திரையில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயிலில். பார்க்கலாம், பேசலாம், தலைவாரி விடலாம். தான் சமைத்ததை மட்டும் ஊட்டக் கூடாது.

அது ஏன் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைத்தால் அந்த வீட்டோடு உறவு உண்டு என்று பொருள். பகையான வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். தீர்த்துக்கொண்டு போனவள் பொங்கிய சோற்றை அந்த வீட்டுப் பிள்ளை தின்றுவிட்டால், தீர்த்தது தீராததாகிவிடும். துரும்பு நிற்காது, அவள் பழையபடி அந்த வீட்டு மருமகள்தான்.

உனக்கு யாரோடு இருக்க ஆசை என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அழுதிருப்பேன், வேறென்ன?

அடுப்பு ஏறாதது

அதனால் என் ஆத்தா எனக்குக் கொண்டுவந்ததெல்லாம் பச்சை. வெள்ளரிப் பிஞ்சு, பச்சை நிலக்கடலை, கரும்புத் துண்டு, பால் பிடித்த சோளக்கதிர். மடியை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். ஆட்டுக்குட்டிக்குத் தழை போடுவதுபோல இருக்கும். நானும் கடித்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு தடவை ஊறவைத்த பாசிப்பயறில் கருப்பட்டியை நொறுக்கிப் போட்டுக் கொண்டுவந்தாள். அத்தை கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

“கருப்பட்டி காச்சுனதுதான?”

“அது நான் காச்சல மதினி. பனையேறி வீட்டுல காச்சுனது.”

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். பெரியாம்பளை இருந்தால் பொடி போட்டிருப்பார். “சரி, திங்கட்டும்” என்றாள். அன்றைக்கு ஆத்தா சிரித்ததைப் பார்த்தேன். அவளுக்கு மேல்வரிசைப் பல் ஒன்று சற்று முன்னால் வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான்.

ஆத்தாவின் கையில் எப்போதும் பூண்டு வாசம். அண்ணன்மார் வீட்டில் நாள் முழுக்கப் பூண்டு ஆய்கிற கை. அந்தக் கையால் என் கன்னத்தைத் தடவுவாள். திரும்பி வரும்போது வண்டியில் என் கன்னத்தில் அந்த வாசம் இருக்கும். வெயில் தாழத் தாழக் குறைந்துகொண்டே வரும். உத்தமபாளையம் தாண்டுவதற்குள் போய்விடும்.

பேசத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. “பல்லு விழுந்துருச்சா?” என்பாள். வாயைத் திறந்து காட்டுவேன். “காச்ச கீச்ச வந்துச்சா?” என்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் இருக்காது. வந்த நேரத்தில் பாதி கூச்சத்தில் போகும். கூச்சம் தெளிந்து அவள் மடியில் சாயலாம் என்று நினைக்கும்போது வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிவிடுவார். யார் வந்தாலும் யார் போனாலும் அந்த மனிதருக்கு இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

சுருளியில் இன்னும் மோசம். ஆடி அமாவாசை என்றால் ஊர் முழுக்க அங்கே செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும். என் மாமன்மார், “மாயனுக்கும் எறைச்சு விட்ரலாம். போன ஆத்மா சாந்தியாகட்டும்” என்று ஒரு வருஷம் சொல்லிவிட்டார்கள். அத்தை ஈரச் சேலையோடு பாறையில் ஏறி நின்று கத்தினாள்.

“எந்தம்பி உசுரோட இருக்கான். எவனாச்சும் எள்ளைத் தொட்டீகன்னா நடக்கிறது வேற!”

அருவிச் சத்தத்தில் பாதிப் பேருக்கு அது கேட்கவில்லை. ஆத்தா இரண்டு பக்கமும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருசன் இருக்கிறாரா இல்லையா என்று ஊரே வாதாடுகிறது, அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே என் ஆத்தாவைப்போலத் தனியாக நின்ற ஒருத்தியை நான் பிறகு பார்த்ததில்லை.

பொங்கல் பானை

தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். அத்தை அப்படி உருட்டி உருட்டிப் போட்ட ஒரு சித்திரை மாதக் காலையில் வண்டி கம்பத்தைத் தாண்டியதும் அத்தை மெதுவாகச் சொன்னாள்.

“இன்னைக்கு ஒங்க ஆத்தாள நல்லாப் பாத்துக்க தாயி. வைகாசியில அவளுக்குக் கல்யாணம். போடியில பொண்டாட்டி செத்த ஆளாம். இன்னொருத்தன் வீட்டுக்குப் போயிட்டா இங்கிட்டெல்லாம் வர விடமாட்டாக.”

எனக்கு முழுசாக விளங்கவில்லை. இனிமேல் வரமாட்டாள் என்பது மட்டும் விளங்கியது.

வீரபாண்டியில் முல்லையாற்றங்கரை முழுக்க அடுப்புப் புகை. வேப்பிலையும் வியர்வையும் மஞ்சளும் கலந்த வாடை. தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு வழிவிட்டு விட்டு நடந்தோம். மரத்தடியில் ஆத்தா மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். மாமன்மார் இருவரும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள்.

பானை பொங்கியது. குலவையிட்டார்கள். பொங்கலை இறக்கி, இலையில் போட்டு, அம்மனுக்குக் காட்டிவிட்டுப் பிறகுதான் மனிதர் வாயில் வைப்பது. ஆத்தா பானையை இறக்கினாள். இலையை எடுக்கவில்லை. கரண்டியால் கொஞ்சம் எடுத்துத் தன் உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள். ஊதினாள். நுனிநாக்கில் வைத்துச் சூடு பார்த்தாள். இன்னொரு கையால் என்னை இழுத்தாள்.

“ஆ காட்டு தாயி.”

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை பக்கத்தில்தான் நின்றாள், கையில் செம்புத் தண்ணீரோடு. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

வெல்லம் சரியாகக் கரையாமல் கட்டி கட்டியாக இருந்தது. பூண்டு வாசமும் அடித்தது, பொங்கலில் பூண்டு வாசம் அடித்தால் யாருக்குப் பிடிக்கும்? எனக்குப் பிடித்தது. அவள் ஊட்ட ஊட்டத் தின்றேன். வயிறு வலித்தது, தின்றேன். கூச்சமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“அடியே, என்ன செய்யிற!” என்று சின்ன மாமா ஓடிவந்து பானையைப் பிடுங்கினார். அதற்குள் சுற்றியிருந்த சனம் பார்த்துவிட்டது. இரண்டு ஊர் ஆட்களும் திருவிழாவில் இருந்தார்கள், பெரியாம்பளையும் இருந்தார். அங்கேயே, அந்த மரத்தடியிலேயே, பஞ்சாயத்து கூடிவிட்டது.

அத்தையின் வாய்ச்சொல்

“ஏம்மா இப்பிடிச் செஞ்ச?” என்று பெரியாம்பளை ஆத்தாவிடம் கேட்டார்.

“எம் புள்ளைக்கு ஊட்டுனேன்.”

“வைகாசியில ஒனக்குக் கல்யாணம். தெரியும்ல?”

“எனக்கு வேணாம்.”

“மாயன் வந்துருவான்னு காத்துக் கிடக்கியாக்கும்?”

“அவுக வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நான் எம் புள்ளகூட இருக்கணும். துரும்ப நானா கை நீட்டி வாங்கலையே.”

ஆத்தா அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவள் தெரிந்தேதான் செய்தாள். கொடுத்த துரும்பைச் செல்லாததாக்க அவளுக்கு வேறு வழி கிடையாது. போடிக்காரர் வீட்டில் ஏற்கெனவே கை நனைத்துவிட்டு வந்திருந்த மாமன்மாருக்கு இது பெரிய தலைக்குனிவு. பெரிய மாமா சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார்.

“சமூகம் தப்பா நெனைக்கப்படாது. அது வீட்டுச் சோறு இல்ல. அம்மனுக்குப் படைச்சாச்சு. சாமி சோத்த யாரும் யாருக்கும் குடுக்கலாம். அதுல ஒறவு என்ன வந்துச்சு?”

கூட்டம் முணுமுணுத்தது. ஊட்டியதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். படைத்தாளா இல்லையா என்பதைப் பார்த்தவர்கள் யார்? மாமன்மார் படைத்தாயிற்று என்கிறார்கள். ஆத்தா இல்லை என்கிறாள், ஆனால் அவள் காரியத்துக்கு அவளே சாட்சியாக முடியாது. பக்கத்தில் நின்ற இன்னொருத்தி அத்தைதான்.

“பேச்சி, நீ சொல்லு” என்றார் பெரியாம்பளை.

‘படைச்சாச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரும்பு நிற்கும், ஆத்தா போடிக்குப் போய்விடுவாள், வருஷத்துக்கு இரண்டு நாள் என்ற தொல்லையும் இனி இல்லை. நான் முழுக்க முழுக்க அத்தையின் பிள்ளை. அதைத்தான் அவள் அத்தனை காலமும் வேண்டிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அத்தை செம்பைக் கீழே வைத்தாள்.

“படைக்கல. ஊதிட்டுத் தன் நாக்குல வச்சுச் சூடு பாத்துட்டுத்தான் புள்ள வாயில வச்சா. எச்சிப் பண்ணத யாரு சாமிக்குப் படைப்பா?”

“யோசிச்சுச் சொல்லு பேச்சி. அவ ஒங்க வீட்டுக்கு வந்துட்டா புள்ள அவ புள்ள.”

“காலையில வகுறு முட்டக் குடுத்துத்தான் கூட்டியாந்தேன். அதுக்கு மேலயும் தின்னுச்சு. எங்கிட்ட ஒரு நாளும் அது அப்பிடித் தின்னதில்ல.”

சொல்லிவிட்டு அத்தை ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியாம்பளை பொடி டப்பாவை எடுத்தார், போடாமலேயே மடியில் வைத்தார். தும்மல் இல்லாமல் அவர் சொன்ன தீர்ப்பு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். துரும்பு நிற்காது, வீராயி மாயன் பெண்டாட்டிதான், வண்டியில் ஏறட்டும் என்றார். “இனி எங்க வாசப்படி மிதிக்காத” என்று மாமன்மார் ஆத்தாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு வீட்டில் இருவர்

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மகன்கூட, “இதோட நிறுத்திருங்கம்மா, மிச்சத்த எதுக்கு எழுதிக்கிட்டு?” என்கிறான். மிச்சம்தான் எனக்கு ஆறவில்லை.

ஆத்தா வந்துவிட்டாள். ஆனால் அவளோடு இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. திருவிழாவில் பார்க்கிற ஆத்தாவை எனக்குத் தெரியும். காலையில் சாணி தெளிக்கிற, கோழியை விரட்டுகிற, ‘மூஞ்சியக் கழுவு’ என்று அதட்டுகிற ஆத்தாவைத் தெரியாது. காலில் முள் குத்தினால் ஆத்தா ஊசியை எடுத்துக்கொண்டு வருவாள். நான் நொண்டிக்கொண்டே அவளைத் தாண்டி அத்தையிடம் ஓடுவேன். தலை பின்ன அத்தை, தண்ணீர் ஊற்ற அத்தை, படுத்தால் அத்தையின் பாய். ஆத்தா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள்.

“ஒங்க ஆத்தாகிட்டப் போ” என்று அத்தை என்னைத் தள்ளிவிடப் பார்த்தாள். போனேன், திரும்பி வந்தேன். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் ஒரு சொல் கடிந்துகொண்டதில்லை. ‘மதினி, சோறு ஆறுது’ ‘வீராயி, நீ மொதல்ல சாப்புடு’ என்று மரியாதையாகவே பேசிக்கொள்வார்கள். அந்த மரியாதை எனக்குப் பயமாக இருந்தது.

மழை தொடங்கியதும் ஏலக்காய் எடுக்க மலைக்கு ஆள் சேர்த்தார்கள். அத்தை பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நான் புரண்டு அழுதேன். “காய் எடுப்பு முடிஞ்சதும் வந்துருவேன்” என்றாள். கம்பமெட்டு ஏறுகிற கூட்டத்தோடு ஒரு போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். பலநாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஆத்தாவின் பாய்க்கு நகர்ந்தேன்.

சொன்னபடி அத்தை வந்தாள். அவள் சேலையில் ஏலக்காய் வாசம், கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் அவள் மடியில் ஏறியவள் இறங்கவே இல்லை. ஆத்தா சோறு போட்டாள். அத்தை என்னை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். ஊருக்கு வந்தவள் தங்குவாள் என்று நினைத்தேன். அவள் வெயில் தாழ்ந்ததும் போர்வையை மடித்துக்கொண்டு எழுந்தாள். மலையில் தோட்டத்து லய வீட்டிலேயே இருக்க இடம் கொடுத்திருக்கிறார்களாம்.

“அடுத்து எப்ப வரட்டும் வீராயி?” என்று கேட்டாள்.

அது அவள் பிறந்து வளர்ந்த வீடு. அந்த வீட்டுக்கு எப்போது வரலாம் என்று கேட்டாள்.

ஆத்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கெட்டவள் இல்லை.

“வராதீக மதினி. நீங்க வந்துட்டுப் போனா இது மறுபடி மொதல்லருந்து அழுகும். இப்பத்தான் எம் பக்கத்துல வந்து படுக்குது. நீங்க வந்து வந்து போனா எங்கிட்ட ஒட்டாது. கூடப்பொறந்தவுக, கல்யாணம் எல்லாத்தையும் விட்டுட்டு இதுக்காகத்தான வந்தேன்.”

அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சண்டை போடுவாள், சுருளியில் கத்தியதுபோலக் கத்துவாள் என்று காத்திருந்தேன்.

“அதுவும் சரிதான்” என்றாள்.

பெற்றவளுக்கு நாள் குறிக்க ஊர் கூடியது. அத்தைக்காக யார் கூடுவார்கள்? கையை என்னிடமிருந்து விடுவித்துக்கொண்டு போய்விட்டாள். ஆத்தா என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள், நான் திமிறினேன், அவள் விடவில்லை. ஆத்தாவின் பயம் இந்த வயதில் எனக்கு நன்றாகப் புரிகிறது. புரிந்துவிட்டால் கோபம் போய்விடுமா என்ன?

அத்தை அதற்குப் பிறகு வரவில்லை. ஆத்தா சொன்னது சரியாகவே இருந்தது. அத்தை வராமல் போன பிறகுதான் நான் ஆத்தாவிடம் ஒட்டினேன்.